சீர் செஞ்சாச்சுல்ல, அப்புறம் என்ன பங்கு?

தம்பி கேட்டிருக்கறது இதுதான். காங்கேயம் பக்கம் எட்டு ஏக்கர் பூமி, அப்பாரு காலத்துக்கும் முந்தி இருந்தே பிரியாம வந்த பூர்வீகம். அப்பா 2019ல தவறிட்டாரு. அண்ணன் நாலு, நீங்க நாலுன்னு வெள்ளாம பண்ணிட்டு இருக்கீங்க. 2011ல கட்டிக்கொடுத்த அக்கா போன மாசம் வந்து எனக்கும் பங்கு வேணும்னு வாயத் தொறந்து கேட்டிருக்காங்க, அண்ணன் கை நீட்டிட்டாரு, காதுல அடிபட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் போயாச்சு. அப்புறம் ஊர்ப் பெரியவங்க நாலு பேரு உக்காந்து 'அடிச்சது தப்புதான், ஆனா நம்ம பக்கம் பொண்ணுக்குச் சீர்தான், பங்கு கொடுக்கற வழக்கம் இல்லீங்க'ன்னு பேசி முடிச்சுட்டாங்க. வழக்கம்னு ஒன்னு இருந்தா சட்டம் அத ஏத்துக்குமா, வழக்கத்தச் சொல்லியே பொம்பளைங்களுக்கு இத்தன நடக்குதே இத எப்படிப் பாக்கறதுன்னு கேட்டிருக்கீங்க.

ஏத்துக்காதுங்க. இதுல ரோசனையே வேண்டாம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 4வது பிரிவுலயே எழுதி இருக்கு, இந்தச் சட்டத்துல சொல்லி இருக்கற விசயத்துக்கு முன்னாடி இருந்த சாஸ்திரம், வழக்கம், பழக்கம் எதுவும் இனிச் செல்லாதுன்னு. அதுக்கு மேல அரசியல் சாசனத்துல 13வது பிரிவு இருக்கு, சட்டம் மாதிரி நடைமுறையில இருக்கற வழக்கமும் அடிப்படை உரிமைக்கு எதிரா இருந்தா செல்லாது. அந்த நாலு பெரியவங்களும் பொறக்கறதுக்கு முன்னாடியோ, பொறந்த கையோடயோ முடிஞ்சு போன சமாச்சாரம் இது.

ஆனா இத இப்படி ரெண்டு வரியில சொல்லிட்டுப் போனா உங்க அக்காவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம் இருவத்தஞ்சு வருசத்துக்கு மேல சிவில் கேஸ் பாக்கறேன், சட்டம் தெரியாததால பங்கு விட்டுப்போன பொம்பளைங்கள நான் ரொம்பக் கம்மியாத்தான் பாத்திருக்கேன். தெரிஞ்சேதான் விட்டுட்டுப் போறாங்க. அது ஏன்னு புரியாம வழக்கம்ங்கற இந்த வார்த்தைய நாம தொடவே முடியாது.

நான் ஜூனியரா இருந்தப்ப நடந்தது ஒன்னு சொல்றேன். எங்க சீனியர்கிட்ட ஒரு அண்ணன்காரரு வந்தாரு, தங்கச்சிங்க மூணு பேருகிட்டயும் பங்கு வேண்டாம்னு எழுதிக்கொடுக்கற விடுதலைப் பத்திரம் வாங்கணும்னு. நல்ல நாள் பாத்து மூணு பேரையும் ஒரு ஆம்னி வண்டியில கூட்டிட்டு சார் பதிவாளர் ஆபீசுக்கு வந்துட்டாரு. பத்திரம் எழுதறவர் திண்ணையில மூணு பேரும் வரிசையா உக்காந்திருந்தாங்க, மூத்தவங்க மட்டும் 'இதுல எத்தன ஏக்கருங்க இருக்குது'ன்னு கேட்டாங்க, அவரு பத்திரத்தப் பெரட்டிப் பாக்கறதுக்குள்ள அண்ணன் முந்திக்கிட்டு 'அது எதுக்கு அம்மிணி உனக்கு, போட்டுட்டு வா சாப்பாட்டுக்கு நேரமாச்சு'ன்னாரு. மறு பேச்சுப் பேசல, போட்டாங்க. எனக்கு அப்ப அந்தப் பத்திரத்துல வேலை என்னன்னா சர்வே நம்பர் சரியா இருக்கான்னு பாக்கறதுதான், பாத்தேன், பத்து ஏக்கர் சொச்சம், கெணத்துல பாதி, இலவச கரண்ட் சர்வீசு ஒன்னு. சரியா இருக்குங்கன்னு சொல்லிக் கொடுத்தேன். எல்லாம் முடிஞ்சு ஓட்டல்ல சாப்பாடு, ஆளுக்கொரு மஞ்சப்பையில ஒரு சேலை. வெளிய வந்து கை கழுவற எடத்துல அந்த மூத்தவங்ககிட்ட நான்தான் மனசு கேக்காம கேட்டேன், உங்களுக்கும் இதுல பாத்தியதை உண்டுன்னு தெரியுமுங்களான்னு. சிரிச்சாங்க. 'தெரியாம என்ன கண்ணு, தை பொறந்தா என் பையனுக்குக் காது குத்தோணும், மாமன் மடி வேணுமுல்ல'ன்னாங்க.

எனக்கு அன்னிக்குத்தான் வெளங்குச்சு, இது எப்படி நடக்குதுன்னு. இதக் காப்பாத்தறதுக்கு அடிதடி எல்லாம் எப்பவாச்சும்தான் தேவைப்படும். தாய்மாமன் ஒருத்தன் போதும். நம்ம பக்கம் ஒரு பொம்பளையோட பிள்ளைங்களுக்கு எது நடந்தாலும் மாமன் வந்து நிக்கோணும். காது குத்துக்கு மடி, பொண்ணு வயசுக்கு வந்தா தெரட்டிக்குச் சீர்த்தட்டு, கல்யாணத்துக்குச் சபையில மாமன் மரியாதை, கடைசியில அவ செத்தாலும் பொறந்த வீட்டுக் கோடி, அதாவது புதுத்துணி, வந்தாத்தான் எடுப்பாங்க. பங்கு கேட்டா இது அத்தனையும் போச்சு. மண்டபத்துல மாமன் எங்கன்னு ஒறம்பரை பூராம் கேக்கும், புருசன் வீட்டுல 'பொறந்த வீட்டு நாதி இல்லாதவ'ன்னு ஒரு பேரு வந்துரும், அது வந்துட்டா நாளைக்குப் புருசன் அடிச்சாலும் கேக்க ஆளில்ல. அதனால அவ ஒரு கணக்குப் போடறா, மூணு ஏக்கரா, மாமன் மடியான்னு. இத வெளிய இருந்து பாக்கறவங்க 'பாசத்துல விட்டுக்கொடுத்துட்டா'ம்பாங்க. பாசம் இல்லாம இல்ல, ஆனா கழுத்துல கத்தி இருக்கறப்ப வர்ற பாசத்துக்கு என்ன பேரு வைக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க.

சரி, சீர்தான் பங்குன்னு சொல்றாங்களே, அதையாவது ஒழுங்காப் பாக்கலாம். சீர் யாருக்குப் போச்சு? பவுனு மாமியார் பீரோவுல, காரு மாப்பிள்ள பேர்ல, பணம் அவங்க வீட்டுக் கடனுக்கோ நாத்தனா கல்யாணத்துக்கோ. சுப்ரீம் கோர்ட் 1985லயே பிரதிபா ராணி கேஸ்ல சொல்லிருச்சு, சீதனம் பொண்ணுக்குத்தான் முழுச்சொந்தம், புருசன் வீட்டுல இருந்தாலும் அவங்க காவல்காரங்க மாதிரிதான், கேட்டாத் திருப்பிக் கொடுக்கணும்னு. வரதட்சணைத் தடுப்புச் சட்டம் 6வது பிரிவும் அதத்தான் சொல்லுது, வாங்கினது எதுவா இருந்தாலும் மூணு மாசத்துக்குள்ள பொண்ணு பேருக்கு மாத்திரணும். மாத்தின ஒரு வீட்ட நான் இன்னும் பாக்கல. ஆக பொறந்த வீட்டுக் கணக்குல அவளுக்குக் கொடுத்தாச்சு, புருசன் வீட்டுக் கணக்குல எங்களுக்கு வந்தாச்சு, அவ கைக்கு மட்டும் எதுவும் வரல.

இதுல சட்டமே ஒரு ஓட்டை வச்சிருக்கு, அதையும் சொல்லிரோணும். 1961 வரதட்சணைத் தடுப்புச் சட்டத்துல, கேக்காம கொடுக்கற பரிசு, அதுவும் 'வழக்கமா' கொடுக்கறதா இருந்தா, வசதிக்கு மீறாம இருந்தா, லிஸ்ட் எழுதி வச்சிருந்தா குத்தமில்லன்னு 3வது பிரிவுல இருக்கு. அந்த லிஸ்ட்ட எவனும் எழுதறதில்ல, மொய் நோட்டு மட்டும் அம்பது ரூவா விடாம எழுதுவாங்க. வழக்கம்ங்கற அந்த ஒரு வார்த்தைக்குள்ள நூறு பவுனும் காரும் பூந்து போயிருது. 'நாங்க ஒன்னுமே கேக்கலைங்க, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறத செய்ங்க'ம்பாங்க பாருங்க, எங்க ஊரு மாப்பிள்ள வீட்டுக்காரங்க எல்லாம் இந்தச் சட்டத்தப் படிக்காமலே மனப்பாடம் பண்ணினவங்க.

இன்னொரு விசயம், அப்பனோட பூமியில இருந்து பொண்ணு கல்யாணச் செலவப் பண்றது கூட்டுக்குடும்பத்தோட கடமை, பழைய இந்துச் சட்டத்துலயே அப்படித்தான். அண்ணன் கல்யாணத்துக்கும்தான செலவாச்சு, மண்டபம், சாப்பாடு, தாலிக்கொடி எல்லாம், அத யாராவது அவரு பங்குல கழிச்சாங்களா?

வழக்கம்னு பேசறவங்களுக்கு மஞ்சக்காணின்னா என்னன்னு தெரியுமான்னு கேட்டுப் பாருங்க. பொண்ணக் கட்டிக்கொடுக்கறப்ப அவ மஞ்சச் செலவுக்குன்னு எழுதிக்கொடுத்த நெலம் அது. பேருதான் மஞ்சச் செலவு, கொடுத்தது காணி, மண்ணு. பொண்ணுக்கு பூமி கொடுக்கறது நமக்குத் தெரியாத சங்கதி இல்லைங்கறதுக்கு அந்த வார்த்தையே சாட்சி. இப்ப அத யாரும் சொல்றதில்ல. அதே மாதிரி கவுண்டர் ஊட்டுக் கல்யாணத்துல இணைச்சீர் இருக்குல்ல, மாப்பிள்ளையோட கூடப்பொறந்தவ புதுச் சேலையோட பக்கத்துல நிப்பா, சேலையோட ஒரு முனை அண்ணன்கிட்ட இருக்கும். உன் வீட்டுல எனக்கும் ஒரு பாத்தியம் இருக்கு, உனக்குப் பொறக்கறதும் என் வயித்துல பொறக்கறதும் நாளைக்குச் சேரும்னு அதுக்குப் பொருள் சொல்லுவாங்க. நம்ம சடங்குலயே தங்கச்சிய அறுத்து விடல, இணைச்சுத்தான் வச்சிருக்கு. வீடியோவுல அதுக்கு நல்ல பாட்டு போட்டு எடுத்துக்கறாங்க. முடிஞ்ச மறு வருசம் ஆம்னி வண்டியில ஏத்திட்டுக் கையெழுத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க.

எங்க பக்கம் பழமைன்னா பேச்சுன்னு அர்த்தம், வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. 'திண்ணையில உக்காந்து பழமை பேசிட்டு இருந்தோம்'பாங்க. இந்த வழக்கம் பாதிக்கு மேல அந்தப் பழமைதான், நாலு பேரு உக்காந்து பேசறப்ப யாருக்கு எது தோதோ அது பழசாயிருது.

இதுக்குச் சட்டத்துல ஒரு சரித்திரம் இருக்கு. வெள்ளக்காரன் காலத்துல 1868ல ராமநாதபுரம் ஜமீன் கேஸ் ஒன்னு அன்னிக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. அதுலதான் வழக்கத்துக்குத் தெளிவான ஆதாரம் இருந்தா அது எழுதி வச்ச சாஸ்திரத்தையே மிஞ்சும்னு சொன்னாங்க. அன்னியில இருந்து கோர்ட்டுக்குப் போறவன் எல்லாம் எங்க வழக்கம் எங்க வழக்கம்னு சாட்சி கொண்டாந்தான், அந்த சாட்சி யாரு, ஊர்க்கவுண்டர், மணியகாரர், கர்ணம், எல்லாம் பூமி வச்சிருந்த ஆம்பளைங்க. எந்த ஆத்தாவையும் கூப்பிட்டு உங்க வழக்கம் என்னங்கன்னு கோர்ட்டு கேட்ட மாதிரி நான் படிச்சதில்ல. அந்தக் கதவத்தான் 1956ல 4வது பிரிவு போட்டுச் சாத்தினது. ஆனா முழுசாச் சாத்தல, பூர்வீகச் சொத்துல பையனுக்கு மட்டும் பொறப்பாலயே உரிமைன்னு விட்டுட்டாங்க.

அத மாத்தறதுக்கு நம்ம ஈரோட்டுக்காரர் ஒருத்தரு ரொம்ப முந்தியே கத்திட்டுப் போனாரு. 1909லயே சின்ன வயசுல தாலி அறுத்த தன்னோட கூடப்பொறந்தவ மகளுக்கு மறுகல்யாணம் பண்ணி வச்சவரு, பெரியாரு. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல பொண்ணுக்கும் சொத்துல சமபங்குன்னு தீர்மானம் போட்டாங்க. அது சட்டமா வர்றதுக்கு அறுவது வருசம் ஆச்சு, கலைஞர் ஆட்சியில 1989 மார்ச் 25ல இருந்து பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் பொறப்பால உரிமைன்னு தமிழ்நாட்டுத் திருத்தம். ஆனா அதுக்கு முந்திக் கல்யாணம் ஆனவங்களுக்கு இல்லன்னு வச்சாங்க. 89க்கு முந்திக் கட்டிக்கொடுத்த அக்காளுக்கு இல்ல, பிந்திக் கட்டிக்கொடுத்த தங்கச்சிக்கு உண்டு, ஒரே வீட்டுல. கல்யாணப் பத்திரிகையோட தேதிய வச்சு நாங்க கோர்ட்டுல மாரடிச்ச காலம் உண்டு. 2005 செப்டம்பர் 9ல மத்திய சட்டம் வந்து கல்யாணம் எப்ப ஆகி இருந்தாலும் உண்டுன்னுச்சு. அப்புறம் அந்தத் தேதியில அப்பன் உசுரோட இருக்கணுமா வேண்டாமான்னு ஒரு சண்டை, சுப்ரீம் கோர்ட்டுலயே மாத்தி மாத்தித் தீர்ப்பு, கடைசியா 2020 ஆகஸ்ட் 11ல வினீதா சர்மா கேஸ்ல மூணு ஜட்ஜ் உக்காந்து வேண்டியதில்ல, பொறப்பாலயே உரிமைன்னு முடிச்சாங்க. 2004 டிசம்பர் 20க்கு முந்தி முறையாப் பிரிச்சு முடிச்ச சொத்த மட்டும் இப்பக் கிளற முடியாது.

(மலையில இருக்கற பழங்குடி ஜனங்களுக்கு இந்த 1956 சட்டமே செல்லாது, அவங்களுக்கு இன்னும் வழக்கம்தான்னு 2வது பிரிவுல இருக்கு. அங்கயும் 2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட் பொண்ணுக்குப் பங்கு இல்லன்னு ஒரு வழக்கம் இருக்கறதா நிரூபிக்காத வரைக்கும் சமபங்குதான்னு ஒரு கேஸ்ல சொல்லிருச்சு. அது தனியா எழுத வேண்டியது.)

இப்ப நீங்க கேட்ட ரெண்டாவது பாதிக்கு வர்றேன், மத்த வழக்கம் எல்லாம். எனக்கென்னமோ இதெல்லாம் தனித்தனி நோயாத் தெரியல, எல்லாத்துக்கும் அடியில மண்ணு இருக்கு. பொண்ணு வேற சாதிப் பையனோட போனா ஏன் வெட்டற அளவுக்குப் போகுது? மானம்ங்கறாங்க. 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுகிட்ட பட்டப்பகல்ல, சாதி மாறிக் கட்டிக்கிட்ட சங்கரையும் கௌசல்யாவையும் வெட்டினது எல்லாரும் சிசிடிவில பாத்தது, சங்கர் செத்துப் போனாரு. 2017 டிசம்பர்ல திருப்பூர் கோர்ட் பொண்ணோட அப்பா உட்பட ஆறு பேருக்குத் தூக்குன்னுச்சு, 2020 ஜூன்ல ஐகோர்ட் அப்பாவ விடுதலை பண்ணிருச்சு, மத்த அஞ்சு பேருக்கும் தூக்க ஆயுளாக் கொறச்சுது. சங்கருக்கு முந்தின வருசம் 2015 ஜூன்ல கோகுல்ராஜ், வேற சாதிப் பொண்ணோட பேசிட்டு இருந்தாருன்னு திருச்செங்கோடு கோயில்ல இருந்து கூட்டிட்டுப் போயி மறுநாள் தண்டவாளத்துல பொணமாத்தான் கெடச்சாரு. அந்தக் கோயில்ல சாமி யாருன்னு உங்களுக்கே தெரியும், பாதி ஆம்பள பாதி பொம்பள.

அதே சாதி மானம், பையனுக்கு முப்பத்தெட்டு வயசாகியும் பொண்ணு கெடைக்கலைன்னா என்ன பண்ணுதுன்னு பாத்திருக்கீங்களா? புரோக்கர் பாலக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போறாரு. ஜாதகம் இல்ல, எந்தக் கூட்டம், அதாவது எந்தக் குலம்னு கேக்கறதில்ல, சாதியும் ரொம்பக் கிண்டறதில்ல, சீரும் வேண்டாம், மாப்பிள்ள வீடே கல்யாணச் செலவப் பாத்துக்கும். மூணு மாசத்துல அந்தப் புள்ள மலையாளத்துல யோசிச்சுத் தமிழ்ல பேசி மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருக்கும். எந்த ஊர்ப் பெரியவரும் வழக்கம் கெட்டுப்போச்சுன்னு கூட்டம் போடல. நான் அதத் தப்புன்னு சொல்ல வரல, நல்லாப் பொழைக்கறவங்க எத்தனையோ பேரு. வளையோணும்னா வளையும்னு காட்டத்தான் சொல்றேன். ஆம்பளைக்குத் தேவைன்னா மூங்கிலு, பொம்பள கேட்டா இரும்பு.

பொண்ணு ஏன் கெடைக்கலைன்னு கேட்டா ஐடி வேலைக்காரனத்தான் கட்டுவேங்கறாளுங்கன்னு திட்டுவாங்க. அது ஒரு காரணம், இல்லைன்னு சொல்லல. ஆனா 2001 கணக்கெடுப்ப எடுத்துப் பாருங்க, ஆறு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்கள்ல ஆயிரம் பையனுக்கு தமிழ்நாட்டுல 942 பொண்ணு, சேலத்துல 851. 1992ல தொட்டில் குழந்தைத் திட்டத்த முதல்ல சேலத்துலதான் ஆரம்பிச்சாங்க, எதுக்காக ஆரம்பிச்சாங்கன்னு சேலம், தருமபுரி பக்கத்துக் கெழவிங்களக் கேளுங்க, சன்னமாச் சொல்லுவாங்க. அப்புறம் ஸ்கேன் வந்துச்சு, பொறந்த பொண்ணக் கொல்ற நெல்லுமணிக்கும் எருக்கம்பாலுக்கும் வேலை இல்லாமப் போச்சு. அன்னிக்குப் பொறக்காமப் போன பொண்ணுங்களத்தான் இன்னிக்குப் பாலக்காட்டுல தேடறோம். அதுக்கும் காரணம் சீர்தான், ரெண்டு பொண்ணப் பெத்தா தோட்டம் போயிருமுங்கற பயம்.

அந்தப் பயத்துல மில்லு நடத்தினவங்களும் உண்டு. சுமங்கலித் திட்டம்னு திருப்பூர், கோயமுத்தூர், ஈரோடு பக்கத்து நூல் மில்லுகள்ல, மூணு வருசம் ஹாஸ்டல்ல அடைச்சு வேலை வாங்கிட்டுக் கடைசியில முப்பதாயிரமோ அம்பதாயிரமோ மொத்தமாக் கொடுக்கறது, தாலிக்குத் தங்கம் சேரும்னு விளம்பரம். தெக்கத்தி மாவட்டத்துல இருந்து பதினஞ்சு பதினாறு வயசுப் புள்ளைங்க வந்துச்சுங்க. வரதட்சணை தடை பண்ணின நாட்டுல வரதட்சணைக்காகன்னு சொல்லியே ஆள் எடுத்தாங்க, பேரு வேற சுமங்கலி.

தாலி அறுத்தவங்க கதை வேற. எங்க அப்பத்தா நாப்பது வருசம் வெள்ளச் சேலையிலயே இருந்துச்சு, ரவிக்கை கெடயாது. அந்த மொத வெள்ளச் சேலைய யாரு கொண்டாந்தது தெரியுமுங்களா, பொறந்த வீடு. சீர்த்தட்டு தூக்கிட்டு வந்த அதே அண்ணன் கையிலதான் கோடியும் வந்துச்சு. பொறந்த வீட்டுல இருந்து அதுக்குக் கெடச்ச கடைசிச் சொத்து அதுதான். அப்பத்தா எங்க அத்தை கல்யாணத்தப்ப சமையக்கட்டுல இருந்து வெளியவே வரல, பெத்த மக கல்யாணம். கேட்டா 'நான் வரப்படாது கண்ணு'ன்னு அதுவே சொல்லும், யாரும் தடுக்க வேண்டியதே இல்ல. இதெல்லாம் அந்தக் காலம்னு நெனச்சுறாதீங்க, நம்பியூர் தாலூகாவுல ஒரு கோயில் நோம்பிக்குப் புருசன் இல்லாத அம்மா ஒருத்தர உள்ள விடமாட்டோம்னு தடுத்து, அவங்க ஐகோர்ட்டு போயி 2023 ஆகஸ்ட்ல ஆர்டர் வாங்கித்தான் போக வேண்டி இருந்துச்சு. அவங்க புருசனே அந்தக் கோயில்ல பூசாரியா இருந்தவரு. பொம்பளையோட மரியாதை அவ புருசன் இருக்கறத வச்சு இல்லைன்னு ஜட்ஜ் சொன்னாரு, அவங்களத் தடுக்கறவங்க மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி போலீசுக்கும் உத்தரவு போட்டாரு. சாமி கும்பிடப் போறதுக்கு போலீஸ் பந்தோபஸ்து.

சரி, உங்க அக்கா விசயத்துக்கு வருவோம், இதுதான் அவசரம்.

அடிச்சதத் தனியாப் பாக்கணும், சொத்தோட முடிச்சுப் போட்டு சமாதானம் பேசற வேலை வேண்டாம். ஆஸ்பத்திரியில ஏ.ஆர். காப்பி, எப்படி அடிபட்டுச்சுன்னு எழுதற பதிவு, போட்டிருப்பாங்க, கூடப்பொறந்தவன் அடிச்சான்னு அதுல எழுதி இருக்கா இல்ல 'வழுக்கி விழுந்தாங்க'ன்னு இருக்கான்னு மொதல்ல பாருங்க, பெரும்பாலும் ரெண்டாவதுதான் இருக்கும், கூடப் போனவங்க அப்படிச் சொல்லி இருப்பாங்க. அப்படி இருந்தாலும் பரவால்ல, ஸ்டேசன்ல புகார் கொடுத்து, புகார் வந்ததுக்குக் கொடுக்கற சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வச்சுக்கச் சொல்லுங்க. ஐபிசிக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 115(2) இதுக்குத்தான். அதோட 2005 குடும்ப வன்முறைச் சட்டம் புருசனுக்கு மட்டும்னு எல்லாரும் நெனச்சிட்டு இருக்காங்க, அப்படி இல்ல, ஒரே வீட்டுல எப்பவாச்சும் ஒன்னா வாழ்ந்திருந்தா அண்ணன் மேலயும் போடலாம். அவளுக்குச் சேர வேண்டிய சொத்த விக்கறது, அனுபவிக்க விடாம பண்றது கூட அந்தச் சட்டத்துல பொருளாதார வன்முறைன்னு வருது. கலெக்டர் ஆபீஸ் சமூகநலத்துறையில பாதுகாப்பு அலுவலர் இருப்பாங்க, 181க்குப் போன் பண்ணினாலும் வழி சொல்லுவாங்க.

சொத்துல, 2011 கல்யாணத்தப்ப இருவது ரூவா பத்திரத்துல 'சீர் பெற்றுக்கொண்டேன், பங்கு கேக்க மாட்டேன்'னு எழுதி வாங்கி அண்ணன் பீரோவுல வச்சிருக்கறதா எழுதி இருக்கீங்க. பதிவு பண்ணாத பேப்பர வச்சு பூமியில இருக்கற பாத்தியத்த விட வைக்க முடியாது, பதிவுச் சட்டம் 17வது பிரிவு. தவிர அப்ப அப்பா உசுரோட இருந்தாரு, அப்பாவுக்குப் பின்னாடி அவரு பாகத்துல வரப்போறத முன்கூட்டியே எழுதிக் கொடுக்கறதுக்கு சட்டத்துல எடமே இல்ல. ஆனா ஒன்னு, தனியாப் பெருந்தொகை வாங்கிட்டு அதுக்குப் பதிலா விட்டுக்கொடுத்தேன்னு இருந்தா அப்புறம் மாத்திப் பேச முடியாதுன்னும் தீர்ப்பு இருக்கு, எதிர்த்தரப்பு வக்கீல் சீர தொகைன்னு காட்டப் பாப்பாரு. அதனால சீர்ல என்ன வந்துச்சு, யார்கிட்டப் போச்சுன்னு அக்கா இப்பவே ஞாபகப்படுத்தி எழுதி வைக்கட்டும். அப்பா உயில் எதும் எழுதி இருக்காரான்னும் பாருங்க, எழுதி இருந்தாலும் அவரோட பாகத்துக்கு மட்டும்தான் அது செல்லும், அக்காளோட பொறப்புரிமைய அவரு எழுத முடியாது. சொந்தச் சம்பாத்தியமா இருந்தா கதை வேற, அத முழுசாப் பையனுக்கு எழுதலாம், இப்பெல்லாம் அப்பனுங்க அந்த வழியத்தான் புடிச்சிருக்காங்க.

வில்லங்கம் போட்டுப் பாருங்க, அண்ணன் எதையாச்சும் சைட்டுக்காரனுக்கு அக்ரிமெண்ட் போட்டுட்டாருன்னா சீக்கிரம் தடை வாங்கணும். லேட் பண்ணவும் கூடாது, வெளிய தள்ளிட்டாங்கன்னு தெரிஞ்சதுல இருந்து பன்னெண்டு வருசம்தான் கெடு. கோர்ட் ஃபீஸ் விசயம், கூட்டு அனுபவத்துல இருக்கறோம்னு தமிழ்நாடு கோர்ட் ஃபீஸ் சட்டம் 37(2)ல போட்டா கொறஞ்ச கட்டணம், வெளிய தள்ளிட்டாங்கன்னு 37(1)ல போனா பங்கோட மார்க்கெட் மதிப்புக்குக் கட்டணும். அதனால இப்பவும் அக்கா தோட்டத்துக்கு வந்து போயிட்டு இருக்கட்டும், தேங்கா நாலு எடுத்துட்டுப் போகட்டும், வீம்புக்காவது.

இப்பக் கணக்கு. பூர்வீகம்னு நீங்க சொல்றது கோர்ட்டுல நின்னா, அப்பா, அண்ணன், நீங்க, அக்கா நாலு பேருக்கும் கால் கால் பங்கு. அப்பாவோட கால, உங்க மூணு பேருக்கும் அம்மாவுக்கும் நாலாப் பிரிக்கணும். ஆளுக்குப் பதினாறுல அஞ்சு, அம்மாவுக்குப் பதினாறுல ஒன்னு. எட்டு ஏக்கர்ல உங்களுக்கு ரெண்டரை, அண்ணனுக்கு ரெண்டரை, அக்காளுக்கு ரெண்டரை, அம்மாவுக்கு அரை. பூர்வீகம் இல்ல, அப்பாவோட தனிச்சொத்துன்னு முடிவானா அம்மாவையும் சேத்து நாலு பேருக்கும் ரெண்டு ரெண்டு. எப்படிப் பாத்தாலும் உங்களுக்கு நாலு ஏக்கர் வராது தம்பி.

அண்ணன் அடிச்சத எழுதி இருக்கீங்க, அக்காளுக்கு ஞாயம் கெடைக்கணும்னு எழுதி இருக்கீங்க, ரொம்ப சந்தோசம். உங்க நாலுல ஒன்றரை ஏக்கர் எந்தப் பக்கம் இருந்து விடறதுன்னு, ரோட்டோரத்துல இருந்தா கரட்டுப் பக்கமான்னு, அக்காளக் கூட்டிட்டு வர்றதுக்கு முந்தி நீங்க முடிவு பண்ணிட்டு வாங்க. வர்றப்ப சிட்டா, பழைய பாகப்பத்திரம் இருந்தா அது, அப்பாவோட இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அந்த இருவது ரூவா பேப்பரோட ஒரு போட்டோ. அக்காளோட பையனுக்குக் காது குத்தியாச்சான்னும் கேட்டுக்குங்க, இல்லைன்னா மடிக்கு நீங்க ஒருத்தர் இருக்கீங்கல்ல.